81 ஆண்டுக் கணக்கு

இந்த வாரம் எனக்குக் கோபமூட்டியது ஒரு படிவம். திருகோணமலையில் பல சபைகளையும் சேர்ந்தவர்களுக்காக நடந்த ஒரு பயிலரங்கில் அதைக் கையில் தந்தார்கள். ‘திருச்சபைத் தலைமைத்துவத்தின் ஆரோக்கியமான வளர்ச்சி’ என்பது தலைப்பு. ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோர் தொகை, காணிக்கை, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர், கட்டட விரிவாக்கம், முகநூலில் பின்தொடர்வோர் என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. கூட்டிவரும் தொகைதான் தலைவரின் மதிப்பெண்.

எனக்குப் பக்கத்தில் ஒரு மறைக்கல்வி ஆசிரியை இருந்தார். தாளின் இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்து முடித்துவிட்டு எழும்பினார். “ஐயா, சுவாமி வர ஏலாத ஞாயிறில தாங்களே செபம் நடத்தக்கூடிய பிள்ளையள் எங்கட பங்கில பதினொரு பேர் இருக்கினம். அதை எந்தக் கட்டத்தில எழுதுறது?” என்று கேட்டார். நடத்தியவர் தாளின் அடியில் ‘பிற குறிப்புகள்’ என்று விட்டிருந்த ஒற்றை வரியைக் காட்டினார்.

எண்ணுவதற்கு நான் எதிரி இல்லை. இத்தகைய படிவங்களின் மூதாதை டொனால்ட் மக்காவ்ரன் நம்முடைய பக்கத்து நாட்டில்தான், மத்திய இந்தியாவின் டாமோவில், 1897இல் பிறந்தவர். ஒரு சபை வளர, பக்கத்துச் சபை ஏன் தேங்கிக் கிடக்கிறது என்ற கேள்வியோடு ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தவர். அதிலிருந்து பிறந்த அவருடைய நூல் 1955இல் வெளிவந்தது. தலைகளை மட்டும் எண்ணுவது போதாது என்று ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் 1996இல் 8 பண்புகளை முன்வைத்தார். மற்றவர்களை ஆற்றல்படுத்தும் தலைமை அவற்றில் முதலாவது. இவ்வளவு யோசித்தவர்கள் இருந்த துறை முகநூல் எண்ணிக்கையில் வந்து நிற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அடுத்து யார் பெயர் வரும் என்று தெரியும். ரோலண்ட் அலன்! வட சீனாவில் அங்கிலிக்கன் மறைபணியாளராக இருந்து, 1900இல் பீக்கிங் முற்றுகைக்குள் அகப்பட்டு, உடல் நலம் கெட்டு ஊர் திரும்பியவர். 1912இல் அவர் எழுதிய ‘மிஷனறி மெதட்ஸ்: சென். போல்ஸ் ஓர் அவர்ஸ்?’ என்ற நூலை எத்தனை பேருக்கு இரவல் கொடுத்தாலும் எனக்கு அலுக்காது. அலனின் கேள்வி மிக எளிமையானது. பவுல் பத்தாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் நான்கு மாநிலங்களில் திருச்சபைகளை நிறுவி, அவற்றை உள்ளூர் மூப்பர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நாமோ தலைமுறை தலைமுறையாக ஓரிடத்திலேயே இருந்துகொண்டு, இந்த மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்கிறோம். இது எப்படி?

திருத்தூதர் பணிகள் 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். லிஸ்திராவில் மக்கள் பவுலையும் பர்னபாவையும் தெய்வங்கள் என்று எண்ணி, காளைகளோடும் மாலைகளோடும் பலியிட வருகிறார்கள். பிறகு அதே ஊரில் பவுல் கல்லெறி படுகிறார். இறந்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போடுகிறார்கள். அதே அதிகாரம் முடிவதற்குள் அவர் லிஸ்திராவுக்குத் திரும்பி வந்து, அங்கேயே மூப்பர்களை நியமிக்கிறார். தேர்வு வைக்கவில்லை, பட்டம் கேட்கவில்லை, வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரவும் இல்லை. கிறிஸ்தவம் இன்னும் முழுதாகப் புரியாத, நேற்று வரைக்கும் வேறு வழிபாட்டில் இருந்த மனிதர்கள் அவர்கள். அவர்களை நம்பினார் என்று சொல்வதைவிட, அவர்களுக்குள் செயற்படும் தூய ஆவியை நம்பினார் என்பதே அலனின் விளக்கம். நூறு ஆண்டுகளுக்குமேல் ஆன இந்த வாதத்துக்குத் திருப்தியான மறுப்பு எதையும் நான் இதுவரை வாசிக்கவில்லை.

இதை நம்முடைய துறைமுகத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1893ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் திகதி, கீழை நாடுகளில் சுதேசக் குருக்களை உருவாக்க வேண்டும் என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் ஒரு சுற்றுமடல் எழுதினார். அதற்கென்றே கண்டி அம்பிட்டியவில் பாப்பரசர் குருமடம் அதே ஆண்டு தொடங்கியது. 1955இல்தான் அது பூனாவுக்குப் போனது. சுற்றுமடல் வந்து இரண்டு மாதம் கழித்து, ஓகஸ்ட் 25ஆம் திகதி, திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. சுதேசத் தலைமை என்ற நோக்கமும் நம் மறைமாவட்டமும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள்.

1898இல் ஆயராக வந்தவர் பிரெஞ்சு யேசுசபைத் துறவி சார்ள்ஸ் லவீன். அவர் இங்கே வருமுன் இருந்த இடம் கேரளம். 1887 முதல் கோட்டயத்தில் சீரோ மலபார் கத்தோலிக்கருக்கு அவர் தலைவர். தங்கள் வழிபாட்டு முறையைச் சேர்ந்த, தங்கள் மண்ணின் ஆயர்களே தங்களுக்கு வேண்டும் என்று அந்த மக்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. லவீன் உள்ளூர்க் குரு மத்தாயி மாக்கிலைத் தம் குருமுதல்வர்களில் ஒருவராக்கினார். 1896இல் உரோமை மூன்று கேரளக் குருக்களை ஆயர்களாக நியமித்தது. அவர்களில் ஒருவர் அந்த மாக்கில். லவீனின் இடம் போயிற்று. தலைமைத்துவ வளர்ச்சியை அளப்பதென்றால், ஒன்பது ஆண்டில் தன் இடத்துக்கு ஒருவரை ஆக்கிவைத்த இதைவிடத் தெளிவான அளவை நான் அறியேன்.

அந்த லவீன்தான் இங்கே வந்து 1913வரை பணிசெய்தார். அவருக்குப் பின் 1917இல் வந்தவரும் பிரெஞ்சுக்காரர், ஆயர் கஸ்ரன் றொபிஷே. 1947இல் வந்தவர், மெக்சிக்கோவில் பிறந்து அமெரிக்க யேசுசபையினரோடு பணியாற்றிய ஆயர் இஞ்ஞாசியஸ் கிளெனி. இம்மண்ணின் மைந்தர் ஒருவர், ஆயர் லெயோ இராஜேந்திரம் அந்தோனி, பொறுப்பேற்றது 1974இல். மறைமாவட்டம் உருவாகி 81 ஆண்டுகள்! இதற்கிடையில் கண்டிக்கு 1912இல் இலங்கையர் ஒருவர் ஆயராகிவிட்டார். தூத்துக்குடிக்கு 1923இல் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. யாழ்ப்பாணத்துக்கு 1950இல் எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை.

கேரளத்துக்கு நூற்றாண்டுகளாகத் தன் சொந்தக் குருக்கள் இருந்தார்கள், கிழக்குக்கு அந்த வசதி இல்லை என்பது உண்மை. இங்கே வந்த யேசுசபையினரின் உழைப்பையும் நான் குறைக்க மாட்டேன். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர்கள் படிப்பித்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்தியை வாசிக்கிறார்கள். கிளெனி ஆண்டகை 75 வயதுவரை இருக்கலாம் என்ற நிலையிலும் அதற்கு முன்னரே பொறுப்பைவிட்டு விலகினார். அதற்காக அவரை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனாலும் 81 நீண்ட காலம். அந்தக் காலம் முழுவதும் கோயில்கள் கட்டப்பட்டன, பள்ளிகள் பெருகின, திருமுழுக்குப் பதிவேடுகள் நிரம்பின. அந்தப் படிவத்தைப் போட்டுப் பார்த்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் நல்ல மதிப்பெண்தான் வந்திருக்கும்.

குருக்களே இல்லாத ஒரு காலமும் இந்த நாட்டில் இருந்தது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். புனித யோசேவ் வாஸ் பிச்சைக்கார வேடத்தில் வந்து இறங்கியது 1687இல். இடைப்பட்ட 29 ஆண்டுகள் விசுவாசத்தைக் காத்தவர்கள் பொதுநிலையினர். வாஸ் வந்த பிறகும், 1696இல் கோவாவிலிருந்து துணைக் குருக்கள் வந்து சேரும்வரை, முழு இலங்கைக்கும் அவர் ஒருவர்தான். அவர் செய்த வேலை, போன ஊரிலெல்லாம் ஒரு மூப்பரையும் ஓர் அண்ணாவியாரையும் ஏற்படுத்தியது. ஞாயிறுகளில் சனத்தைக் கூட்டிச் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, சாகக்கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது, இறந்தவரை அடக்குவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. குரு வருவது எப்போதாவது ஒருமுறை. 2015இல் காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் அவருடைய நடைப்பயணங்களைப் பற்றி நிறையப் பேசினோம், அவர் ஏற்படுத்திய மூப்பர்களைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினோம்.

மெதடிஸ்த சகோதரர்களின் தொடக்கமும் இப்படித்தான். இலங்கைக்குப் புறப்பட்ட முதல் குழுவின் தலைவர் தோமஸ் கோக் 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்துபோனார். தலைவர் இல்லாமலே மற்றவர்கள் காலியில் கரை இறங்கி, ஊர்களைப் பிரித்துக்கொண்டார்கள். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் ஓராண்டு முடியுமுன் இறந்தார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இரு நூற்றாண்டு தாண்டி இன்றும் நடக்கிறது.

இன்றைக்கு நம் பங்குகளில் எனக்குக் கவலை தருவது இதுதான். மறைக்கல்வி வகுப்பைச் சுமப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பங்குச் சபையின் கணக்கு விவகாரம் வரும்போது அவர்கள் வாய்திறக்க இடம் குறைவு. இளைஞர்களுக்குத் திருவிழாப் பந்தலும் ஒலிபெருக்கியும் கொடுக்கிறோம், தீர்மானம் எடுக்கும் மேசையில் கதிரை கொடுப்பதில்லை. பங்குத்தந்தை மாறினால் பாதி வேலைகள் நின்றுபோகின்றன என்றால், அவர் காலத்தில் அங்கே தலைமை வளரவில்லை. கூட்டம் எவ்வளவு நிறைந்திருந்தாலும் என் முடிவு அதுதான்.

ஒரு வேண்டுகோள். மூதூர், பாலையூற்று, உப்புவெளி, இலுப்பைக்குளம், திருகோணமலைப் பட்டினம் என்று எந்த ஊராக இருந்தாலும், உங்கள் ஊரில் மூப்பராக, அண்ணாவியாராக, உபதேசியாராக இருந்தவர்களின் விவரம் குடும்ப ஏடுகளிலோ பழைய கோயில் கணக்குகளிலோ இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். ஆயர்களின் பட்டியல் நம்மிடம் ஆண்டுவாரியாக இருக்கிறது. இவர்களுடைய பட்டியலை எவரும் இன்னும் தொகுக்கவில்லை என்றால், இந்தப் பத்தியிலேயே தொடங்குவோம்.