தோட்டத்து வீட்டுக்குக் கைத்துப்பாக்கி: ரேஞ்சில் ஜெயிப்பது ராத்திரியில் கைகொடுக்குமா?

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் அப்பா, அம்மா, மகன் என ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொலையானது தெரிய வந்தது. பக்கத்து வீடு என்றால் நாலு காடு தள்ளி என்பதுதான் கொங்கு பகுதித் தோட்டங்களின் நிலைமை. அதனால் இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு, "எங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்க" என்ற குரலும் எழுந்தது.

அந்தக் கோபமும் பயமும் நியாயமானவை. ஆனால் லைசென்ஸ் கிடைத்தால் என்ன வாங்க முடியும்? அது நம்பகமானதா? சுடும் பயிற்சி மைதானத்தில், அதாவது ரேஞ்சில், நன்றாகச் சுடும் துப்பாக்கி தோட்டத்துச் சாளையில் நடுராத்திரியில் உதவுமா? பார்க்கலாம்.

யூடியூப்பில் பார்ப்பதை இங்கே வாங்க முடியுமா?

முடியாது. சிறிய கைத்துப்பாக்கிகளை ஒப்பிடும் வீடியோக்களில் வருவது பெரும்பாலும் கிளாக் 19, சிக் சாவர் பி320 போன்ற 9 எம்.எம். பிஸ்டல்கள். இந்தியாவில் 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம். அதற்கான அனுமதி மத்திய அரசின் கையில் இருக்கிறது. சாதாரண விவசாயிக்கோ வியாபாரிக்கோ அது கிடைக்காது. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இதில் விதிவிலக்கு பெயர் பெற்ற துப்பாக்கிச் சுடுதல் வீரர்களுக்குத்தான்.

அப்படியென்றால் என்ன மிச்சம்?

பெரும்பாலும் .32, அல்லது .22. இந்தியத் தயாரிப்பில் பேசப்படும் மூன்று ரிவால்வர்கள் இவை:

• நிர்பீக்: கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை 2014 ஜனவரியில் அறிமுகம் செய்த .32 ரிவால்வர். டைட்டானியம் கலவை, எடை சுமார் 500 கிராம். அறிமுக விலை ரூ.1,22,360.

• நிடர்: இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையின் .22 ரிவால்வர். எடை சுமார் 250 கிராம்தான். குண்டும் சின்னது, தாக்கமும் குறைவு.

• பிரபல்: கான்பூரின் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். அரசு நிறுவனம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த .32 ரிவால்வர். எடை சுமார் 700 கிராம், குழல் நீளம் 76 மில்லிமீட்டர். தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும். பழைய இந்திய .32 ரிவால்வர்களை நடுவில் மடக்கித்தான் திறக்க வேண்டும். இது 50 மீட்டர் வரை சுடும் என்கிறது நிறுவனம்.

நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இதே ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். குடையின் கீழ்தான் இருக்கிறது. ஆனால் அதன் முக்கிய வேலை படைகளுக்கும் போலீஸுக்கும் ரைபிள் செய்வது.

எடை குறைந்தால் நல்லதுதானே?

இடுப்பில் வைத்துக்கொள்ள நல்லது. சுடும்போது அப்படியில்லை. துப்பாக்கி லேசாக இருந்தால் சுட்டதும் கை அதிகமாக உதறும், இரண்டாவது குண்டுக்குக் குறி திரும்ப வர நேரமாகும். குழல் குட்டையாக இருந்தால் முன் குறிமுனைக்கும் பின் குறிமுனைக்கும் இடைவெளி குறைவு. அதனால் சின்னத் தவறுகூடப் பெரிதாகிவிடும். கணக்கு எளிது: கை 1 டிகிரி விலகினால் 10 மீட்டரில் குண்டு சுமார் 17 செ.மீ. தள்ளிப் போகும், 25 மீட்டரில் சுமார் 44 செ.மீ. "50 மீட்டர் சுடும்" என்பது துப்பாக்கிக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு. நம் கை அங்கே குறி வைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

ரிவால்வரில் இன்னொரு விஷயமும் உண்டு. பின்சுத்தியலை இழுத்து வைக்காமல் நேராகச் சுட்டால் விசையை நீளமாக, பலமாக அழுத்த வேண்டும். 70 வயதுக் கைக்கு இது லேசான வேலை இல்லை.

ரிவால்வரா, பிஸ்டலா: எது நம்பகம்?

பிஸ்டல் சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே உள்ளே ஏற்ற வேண்டும். பிடி தளர்ந்தாலோ, தோட்டா பழசானாலோ, மேகசின் சரியில்லாவிட்டாலோ நடுவில் சிக்கிக்கொள்ளும். அதைச் சரிசெய்யப் பயிற்சி வேண்டும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், உருளை அடுத்ததற்கு நகர்ந்துவிடும். எப்போதாவது எடுப்பவர்களுக்கு ரிவால்வரைச் சொல்வது இதனால்தான். அதற்காக ரிவால்வர் பழுதே ஆகாது என்று அர்த்தம் இல்லை.

"50 குண்டு சுட்டேன், ஒரு தடவைகூட சிக்கல." இது போதாதா?

போதாது. புள்ளியியலில் ஒரு எளிய விதி இருக்கிறது: கோளாறே இல்லாமல் எத்தனை முறை சோதித்தோமோ, அந்த எண்ணால் 3-ஐ வகுத்தால் கோளாறு விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 50 குண்டு சுத்தமாகப் போனாலும் கோளாறு விகிதம் 6 சதவீதம் வரை இருக்கலாம். அது உண்மையிலேயே 6 சதவீதமாக இருந்தால், ஆறு குண்டு சுடும்போது ஒரு தடவையாவது சிக்க சுமார் 31 சதவீத வாய்ப்பு. 1 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்லவே 300 குண்டு சுத்தமாகப் போக வேண்டும்.

இங்கே லைசென்ஸிலேயே கையில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று எண்ணிக்கை போட்டிருக்கும். ஆக, சொந்தத் துப்பாக்கி நம்பகமானதா என்று சோதித்துப் பார்க்கும் வழியே பலருக்குக் கிடையாது.

பெரிய சோதனைகளும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவப் போட்டியில் ஜெயித்தது சிக் பி320 வகை. குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் அதன் சிவிலியன் மாடல் தானாகச் சுடுகிறது என்று வெளிச் சோதனைகளில் தெரிந்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் இலவசமாகப் பாகங்களை மாற்றித் தருவதாக அறிவித்தது.

நம் மனு பாக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவில் அவரது பிஸ்டல் பழுதானது. விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. 575 புள்ளியோடு 12-வது இடம், இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். தினமும் பயிற்சி எடுப்பவர், பக்கத்திலேயே கோச், பகல் வெளிச்சம். அங்கேயே இதுதான் நிலைமை.

ரேஞ்சுக்கும் தோட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

ரேஞ்சில் இலக்கு அசையாது. எப்போது சுட வேண்டும் என்று முன்பே தெரியும். காதில் கவசம் இருக்கும். தோட்டத்தில் நாய் குரைத்து முழிப்பு வரும்போது வந்தவர்கள் வாசலுக்கு வந்திருப்பார்கள். துப்பாக்கி பூட்டிய பீரோவில் இருந்தால் எடுக்க நேரம் இருக்காது. தலையணைக்கடியில் இருந்தால் பேரன் கையிலோ திருடன் கையிலோ சிக்கும் ஆபத்து. இருட்டில் நிற்பது திருடனா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்பதையும் அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் தற்காப்பு உரிமையை ஏற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத்தான் பேசுகின்றன. ஆனால் தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது.

அப்போ லைசென்ஸ் கேட்பதே தப்பா?

இல்லை. விண்ணப்பிக்க யாருக்கும் உரிமை உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும், ஒருவர் 2 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த வாரங்களில் வீட்டில் துப்பாக்கி இருக்காது, தோட்டம் மட்டும் அங்கேயேதான் இருக்கும்.

எந்த மாடல் நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாதம் ஒரு தடவையாவது போய்ச் சுட்டுப் பழக எனக்கு ரேஞ்சும் தோட்டாவும் உடம்பும் இருக்கா? "இல்லை" என்றால், ஒரு லட்சத்துக்கு மேல் போட்டு வாங்குவது தைரியத்தை மட்டும்தான் தரும், பாதுகாப்பைத் தராது. இரவு ரோந்து, வழியெல்லாம் விளக்கு, வேலை செய்யும் கேமரா, கூப்பிட்டால் வரும் போலீஸ்: தோட்டத்து வீட்டுக்காரர்கள் அரசிடம் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இவற்றைத்தான்.