மாலே மீட்பு: சொல்லாமல் விட்ட பாதி

ஆபரேஷன் காக்டஸ் பற்றி ஓய்வு பெற்ற பாராசூட் வீரர்கள் சொல்வதைக் கேட்டால் யாருக்கும் சிலிர்க்கத்தான் செய்யும். 1988 நவம்பர் 3 அதிகாலையில் மாலத்தீவின் தலைநகர் மாலே தாக்கப்படுகிறது. அதிபர் கயூம் ஒளிந்திருந்தபடி உதவி கேட்கிறார். அன்றிரவே ஆக்ராவில் கிளம்பிய ஐ.எல்-76 விமானங்கள் 2000 கி.மீ.க்கு மேல் பறந்து, பக்கத்துத் தீவான ஹுல்ஹுலேயில் இறங்குகின்றன. கையில் இருந்ததோ சுற்றுலாப் பயணிகளுக்கான வரைபடம்! அங்கிருந்து படகில் மாலே. விடிவதற்குள் கயூம் பத்திரம்.

எல்லாம் சரி. தாக்க வந்தது யார்? "கூலிப்படை" என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிறார்கள். அந்தக் கூலிப்படைக்குப் பெயர் இருக்கிறது: புளொட். உமா மகேஸ்வரனின் இயக்கம். லுத்துஃபி என்ற மாலத்தீவு வியாபாரிக்காகச் சுமார் 80 பேர் போனார்கள். ஈழத்துக்காக வீட்டை விட்டு வந்த பையன்களை அடுத்தவன் நாட்டைப் பிடிக்க அனுப்பினார்கள். மாலேயில் எந்தத் தமிழனுக்கு விடுதலை வேண்டியிருந்தது?

படைவீரர் சொன்னால் வீரக்கதை. தமிழர் மேடைகளில் அதுவும் கிடையாது, கனத்த மௌனம்தான். கேட்டால், "அவங்க துரோகிங்க, நம்ம கணக்குல வரமாட்டாங்க" என்று பதில். எவ்வளவு வசதி! 19 பேர் செத்ததாகச் சொல்கிறார்கள், பெரும்பாலும் அந்தக் கூலிப்படையினர். அவர்கள் யார் கணக்கில் வருவார்கள்?

தெரியாத ஊர் என்றாவது சொல்ல முடியுமா? சாத்தான்குளத்துக்காரரிடம் அது நடக்காது. பக்கத்துத் தூத்துக்குடியில் இருந்து அரிசியும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குத் தோணி போன கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். மாசிக்கருவாடு எந்தக் கடலில் இருந்து வந்தது என்று பாட்டிமார்களுக்கே தெரியும். சோறும் சரக்கும் கொடுத்து வாங்கிய தீவுக்கு, தமிழ் பேசுகிறவர்கள் துப்பாக்கியோடு போனது மட்டும் பேச்சில் வராது.

வீரக்கதையிலும் ஒரு ஓட்டை உண்டு. தாக்கியவர்கள் ஹுல்ஹுலே விமான தளத்தைப் பிடிக்காமல் விட்டார்கள். பிடித்திருந்தால் அந்த விமானங்கள் எங்கே இறங்கியிருக்கும்? வீரர்களின் துணிச்சலை இது குறைக்காது. ஆனால் எதிரியின் முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொன்னால்தானே அது வரலாறு?

தப்பியவர்கள் பணயக் கைதிகளோடு 'புரோகிரஸ் லைட்' கப்பலில் ஓட, ஐ.என்.எஸ். கோதாவரியும் பேட்வாவும் துரத்திப் பிடித்தன. 1989 ஜூலையில் உமா மகேஸ்வரன் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் கப்பலில் பிடிபட்டவர்கள் விசாரணைக்காக மாலத்தீவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். மரண தண்டனை விழுந்தது. அதை ஆயுள் தண்டனையாகக் குறைக்கச் சொல்லி வற்புறுத்தியதும், அவர்களைப் பிடித்துக் கொடுத்த அதே இந்தியாதான்.