நண்டுச் செல்வமும் நாம் எடுக்கவேண்டிய கணக்கும்

கடல் வற்றாத களஞ்சியம் என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. வீட்டுக் களஞ்சியத்து நெல்லை அளந்து எடுக்கும் நாம், கடலின் விளைவை மட்டும் அளவாது அள்ளுகின்றோம். பாக்கு விரிகுடாவிலும் மன்னார்க் குடாவிலும் வாழும் நீலக்கால் நண்டு இதற்குத் தக்க சான்றாகும். நண்டு வலை விடுவோரும், சதை பிரித்தெடுக்கும் பெண்டிரும் இதனை நம்பியே அடுப்பெரிக்கின்றனர். அச்சதை அமெரிக்கா வரை சென்றுள்ளது.

ஒரு பெண் நண்டு ஒரு முறையில் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும். அங்ஙனம் பெருகும் உயிர் அருகுமோ எனச் சிலர் வினவலாம். மேற்கு அவுஸ்திரேலியாவின் கொக்பேண் சவுண்ட் என்னும் கடற்பரப்பிலே இதன் நெருங்கிய இனமொன்று மிகக் குன்றியமையால், 2006 இல் அங்கு நண்டு பிடித்தல் நிறுத்தப்பட்டது. 2009 இல் மீண்டும் திறந்தனர். 2014 இல் மறுபடியும் மூட நேர்ந்தது. பருவம் பொய்த்தமையும் பிடி மிகுந்தமையும் ஒருங்கு சேர்ந்ததன் விளைவு அது.

ஆயின், கடலுள் உள்ளதை எண்ணுவது எங்ஙனம்? மீனின் காதுக்கல்லிலுள்ள வளையங்களைக் கொண்டு அதன் வயதை அறியலாம். நண்டோ ஓடு கழற்றி வளர்வது. அதன் ஓட்டில் வயது எழுதப்படுவதில்லை. ஆதலின் அறிஞர், பிடிபட்ட நண்டுகளின் ஓட்டகலத்தை அளந்து, பருவமெய்தும் அளவோடு ஒப்பிட்டு, பிடிபடாத கூட்டமொன்று இடக்கூடிய முட்டைகளில் எத்தனை பங்கு எஞ்சியுள்ளது எனக் கணிக்கின்றனர். நூற்றுக்கு 20 இற்குக் கீழே அப்பங்கு இறங்குமாயின் அபாயம் என்பது பொதுவான விதி. 2013 இல் ஏற்றுமதியாளர் முன்னின்று இந்நண்டுத் தொழிலைச் சீர்செய்யத் தொடங்கினர். பின்னர் இம்முறையிற் கணிப்பும் நடைபெற்றது. அது போற்றத்தக்கது. எனினும் ஒருமுறை எடுத்த கணக்கு ஒருமுறைக்கே உதவும்.

சினை நண்டை விட்டுவிடுதல் போதும் என்பாரும் உளர். இன்று சினையின்றிப் பிடிபட்ட பெண் நண்டு, சில நாளிற் சினை தாங்கியிருக்கலாம் அன்றோ? மேலும், வலையிற் சிக்கியதைப் பிரிக்குங்கால் கால்கள் முறிகின்றன. ஆதலின் சிறு நண்டு சிக்காத பெருங்கண் வலையே முதற் காப்பு. சிறு நண்டை வாங்க மறுத்தல் வணிகர் கடன். வாங்குவோன் இருக்கும்வரை, வறுமைப்பட்ட மீனவனை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது.

"இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்கையில் நாம் மட்டும் விட்டுக்கொடுப்பதா?" என மீனவர் கேட்பது நியாயமே. கடலடி இழுவைத் தொழிலை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. அதனை நிறைவேற்றுதல் அரசின் பொறுப்பு. ஆயினும் எம் இழப்பை எடுத்துரைக்கவும் எண்கள் வேண்டும். கணக்கில்லாதவனுடைய முறைப்பாடு வெறும் புலம்பலாகவே கொள்ளப்படும்.

அளத்தற்கு வேண்டுவன ஓர் அளவுகோலும், ஒரு குறிப்பேடும், தவறாத பழக்கமுமே. கரையோரப் பாடசாலைகளின் விஞ்ஞான மாணவர், மீனவர் சங்கங்களோடு கூடி மாதந்தோறும் இப்பணியைச் செய்யலாம். பழைய மாணவராகிய நாம் அதற்குத் துணைநிற்போமாக. பின்வரும் தலைமுறைக்கு நாம் வைத்துச் செல்லும் முதலை இன்றே எண்ணத் தொடங்குதல் நன்று.