டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சோலார் இன்வெர்ட்டர்... மழை பெய்தால் ஏன் 'ட்ரிப்' ஆகிறது?

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்தால் 78,000 ரூபாய் மானியம். பேனல் எந்த கம்பெனி, வாரன்ட்டி எத்தனை வருஷம் என்று துருவித் துருவிக் கேட்பவர்கள்கூட, சுவரில் மாட்டும் இன்வெர்ட்டரைப் பற்றி அதிகம் கேட்பதில்லை.

இது கரன்ட் போனால் ஃபேன் ஓட்டும் பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை. பேனலில் இருந்து வரும் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றி, மின்வாரிய லைனோடு சேர்ப்பதுதான் இதன் வேலை. முன்பெல்லாம் இதற்குள் இரும்பும் செம்புமாக கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இப்போது வீடுகளுக்கு வருபவற்றில் பெரும்பாலும் அது கிடையாது. எடை குறைவு, விலை குறைவு. திறனும் 97, 98 சதவீதம் வரை போகிறது.

அப்போ சிக்கல் எங்கே?

டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடுப்புச் சுவர் மாதிரி. பேனல் பக்கமும் லைன் பக்கமும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது. அதை எடுத்துவிட்டதால், பேனலுக்குள் இருக்கும் செல்களும் எர்த் செய்த அலுமினிய ஃப்ரேமும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். இன்வெர்ட்டரின் ஸ்விட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஆன், ஆஃப் ஆகும்போது வோல்டேஜ் ஆடினால், அந்த வழியாக எர்த்துக்கு மின்சாரம் கசியும். பேனல் நனைந்தால் கசிவு இன்னும் கூடும். மழை நாளில் ட்ரிப் ஆக இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு ஜெர்மனியில் நல்ல டிசைன்கள் வந்தன. எஸ்எம்ஏ நிறுவனத்தின் 'எச்5' முறையில், வழக்கமான 4 ஸ்விட்சுகளோடு 5-வதாக ஒன்று உண்டு. தேவையான நேரத்தில் அது பேனலை லைனில் இருந்து பிரித்துவிடும். வோல்டேஜ் ஆடாது, கசிவும் அடங்கும். ஒரே ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான்!

கசிவைக் கண்காணிக்கும் பாதுகாப்பும் இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். சர்வதேச விதிப்படி, கசிவு திடீரென 30 மில்லிஆம்பியர் எகிறினால் 0.3 நொடிக்குள் இணைப்பு துண்டாக வேண்டும். யாராவது ஷாக் வாங்கினால் உயிரைக் காப்பாற்றுவது இதுதான்.

ஆனால் இதெல்லாம் ஒழுங்காக வேலை செய்ய எர்த்திங் சரியாக இருக்கணும். பேரம் பேசும்போது கைவைக்கவே கூடாத இடம் இது. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஆர்சிசிபி-யை பைபாஸ் செய்யச் சொல்வது அதைவிட ஆபத்து. எந்த 'டைப்' ஆர்சிசிபி போட வேண்டும் என்பது இன்வெர்ட்டர் மேனுவலிலேயே இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்க.

இன்னொன்று: மெயினை ஆஃப் செய்தாலும், வெயில் இருக்கும்வரை பேனல் வயர்களில் வோல்டேஜ் இருக்கும். வயர் ஜாயின்ட் விட்டிருந்தால், பேனலைக் கழுவ பைப்போடு மாடி ஏற வேண்டாம்.