எறும்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதா?

நீதிமொழிகள் புத்தகத்தை வெச்சுக்கிட்டு ஏழைங்களைத் திட்டறவங்க மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். இன்னிக்குக் கொட்டித் தீர்த்துடறேன், பொறுத்துக்குங்க மக்களே.

யாராவது கஷ்டப்படறாங்கன்னு பேச்சு வந்தாப் போதும், ஆறாம் அதிகாரத்து எறும்பைக் கூட்டிக்கிட்டு வந்துடுவாங்க. உழைச்சா உயரலாம், வறுமைக்குக் காரணம் சோம்பேறித்தனம், முடிஞ்சது பிரசங்கம். மழையில பயிர் அழுகிக் கடனாளியான ஒரு விவசாயியைப் பத்திப் பேசினப்பகூட ஒரு பெரியவர் இதையேதான் சொன்னார். விடியறதுக்கு முன்னாடி வயலுக்குப் போற மனுஷன் சோம்பேறியாம்! என்னத்தச் சொல்ல?

எறும்பு இருக்கு, இல்லேங்கல. சோம்பேறியை அந்தப் புத்தகம் நல்லாவே கிண்டல் பண்ணுது. ஆனா அதே புத்தகத்துல 13:23ஐயும் படிங்க. ஏழையோட நிலம் நல்லாத்தான் விளையுது, நியாயம் இல்லாததால அழிவு வருதுங்கறதுதான் அதோட சாரம். இதை ஏன் யாரும் சொல்றதில்ல?

அப்புறம் தராசு. 11:1, 16:11, 20:10, 20:23 என்று நாலு இடத்தில் தராசும் எடைக்கல்லும் வருகின்றன. காரணம் இருக்கு. நாணயம் புழக்கத்துக்கு வராத காலம் அது. வெள்ளியையே நிறுத்துத்தான் கொடுக்கணும். பையில ரெண்டு விதமான கல் வெச்சிருந்தா, வாங்கும்போது ஒண்ணு, விற்கும்போது ஒண்ணு. கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அப்படிப்பட்ட எடைக்கற்கள் யூதேயா பகுதி அகழாய்வுகளில் நிறையக் கிடைத்திருக்கின்றன. 22:28லயும் 23:10லயும் எல்லைக்கல்லை நகர்த்தாதேன்னு வருது. ரெண்டாவது இடத்துல அநாதைங்க நிலத்தையும் சேர்த்தே சொல்லுது.

தராசு யார் கையில இருக்கும்? எல்லைக்கல்லை நகர்த்தற தைரியம் யாருக்கு வரும்? கூலிக்காரனுக்கா?

எகிப்தில் அமெனெமோபே என்பவர் பெயரில் ஓர் அறிவுரை நூல் உண்டு. 1923ல் பட்ஜ் அதை முழுதாகப் பதிப்பித்தார். நீதிமொழிகள் 22, 23ஆம் அதிகாரங்களோடு அதற்குள்ள நெருக்கத்தை 1924ல் அடால்ஃப் எர்மான் எடுத்துக்காட்டினார். அந்த நூல்லயும் தராசு, எல்லைக்கல் ரெண்டும் இருக்கு. அமெனெமோபே யாருன்னா, நிலத்தையும் தானியத்தையும் கண்காணிக்கிற அதிகாரி! நம்ம நீதிமொழிகள்லயும் 25:1 என்ன சொல்லுது? எசேக்கியா ராஜாவோட ஆட்கள் பேர்த்தெழுதினதுன்னு. ஆக, இந்த அறிவுரையில பெரும்பங்கு அதிகாரத்துல இருக்கறவனுக்கும் அவன் பிள்ளைக்கும் சொன்னது. அதைத் தூக்கி அதிகாரமே இல்லாதவன் தலையில போட்டு அடிக்கிறீங்களே, நியாயமா?

கடைசி அதிகாரத்துக்கும் இதே கதிதான். கல்யாண வீடுகளில் 31:10ல் ஆரம்பித்து நல்ல மனைவியைப் பற்றிப் பேசுவார்கள். அதுக்கு முந்தின ஒன்பது வசனம்? ஒரு அம்மா ராஜாவான தன் மகனை உட்கார வெச்சுக் கண்டிக்கிறா. குடிச்சுட்டு நியாயத்தை மறக்காதே, பேச முடியாதவனுக்காக நீ பேசு, எளியவனோட வழக்கைக் கேளுன்னு. மருமகளுக்குப் பாடம் எடுக்கறவங்க, மகனுக்கு எடுத்த பாடத்தை மட்டும் ஏன் தாண்டிப் போறாங்க?

நீங்க விசுவாசியோ இல்லையோ, எனக்கு அது பிரச்சினை இல்ல. ஞானம், நீதின்னு பேசறதா இருந்தா முழுசாப் பேசுங்க. அடுத்த தடவை யாராவது எறும்பைக் காட்டினா, 'அண்ணே, உங்க தராசைக் கொஞ்சம் காட்டுங்க'ன்னு கேளுங்க. முகம் போற போக்கைப் பாக்கலாம் :-)