சர்வீஸைப் படிக்கச் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் டேபிள் டென்னிஸ் ஆடும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளி அளவிலான போட்டி எதற்குப் போனாலும் ஒரே கதைதான். சின்ன ஊரிலிருந்து வந்த பிள்ளை, அடித்து ஆடும்போது பிரமாதமாக ஆடுகிறது. எதிரில் நிற்பவன் நல்ல ஸ்பின் வைத்து சர்வீஸ் போடுகிறான். முதல் பந்து வலையில். அடுத்தது மேசைக்கு வெளியே. கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கோச் சொல்கிறார், "இவனுக்கு டச் இல்ல." அப்பா சொல்கிறார், "நல்ல ரப்பர் வாங்கணும்."

இரண்டு பேர் சொல்வதும் தவறு. அந்தப் பிள்ளைக்கு சர்வீஸைப் படிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அ, ஆ கற்றுத்தராமல் பத்தியை வாசிக்கச் சொல்லிவிட்டு, வாசிக்கத் தெரியாத மண்டு என்று முத்திரை குத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் பார்த்த பயிற்சிக் கூடங்களில் நேரம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், கூடை நிறையப் பந்து வைத்துக் கோச் தள்ளிவிட, பிள்ளைகள் அடித்துக்கொண்டே இருப்பார்கள். சர்வீஸைத் திருப்புவது? கடைசிப் பத்து நிமிடம், அதுவும் நேரம் இருந்தால். ஆனால் விதிப்படி ஆளுக்கு இரண்டு சர்வீஸ் மாறி மாறி வரும். ஏறக்குறைய பாதிப் பாயிண்டுகளில் பிள்ளையின் முதல் வேலையே சர்வீஸைத் திருப்புவதுதான். பாதிப் பாடத்தை நடத்தாமல் தேர்வுக்கு அனுப்புகிறோம்.

இது என்ன பெரிய வித்தையா? அடிப்படை ஒரே விதிதான். பந்தைத் தொடும் நொடியில் எதிராளியின் பேட் எந்தத் திசையில் போகிறதோ, நம் பேட்டில் பட்ட பந்தும் அந்தத் திசையில்தான் ஓடப் பார்க்கும். அவன் பேட் கீழே இறங்கினால் அது சாப். நம் பந்து வலையில் விழும். எனவே பேட் முகத்தை மேலே திறந்து தள்ள வேண்டும். அவன் பேட் மேலே ஏறினால் டாப் ஸ்பின். நம் பந்து எகிறும். முகத்தை மூடிப் பிடிக்க வேண்டும். வலக்கைக்காரன் தன் வலமிருந்து இடமாகச் சீவினால் நம் பந்து நமக்கு வலப்புறமாக ஓடும். எனவே இடப்புறம் குறி வைக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பேட் எங்கிருந்து புறப்பட்டதோ அந்தப் பக்கம் குறி வை.

பந்தைத் தொட்ட பிறகு அவன் கையை எப்படிச் சுழற்றினாலும் அது வெறும் நடிப்பு. பந்தில் அச்சிட்ட எழுத்து தெளிவாகத் தெரிந்தால் ஸ்பின் குறைவு, மங்கினால் அதிகம். மேசையில் பட்டதும் தயங்கினால் சாப், பாய்ந்தால் டாப் ஸ்பின். "மெதுவாத் தொட்டு வை" என்று சொல்லும் கோச்சுகளுக்கும் ஒன்று. பயந்து தொட்டால்தான் வந்த ஸ்பின் முழுதாக வேலை செய்யும். திசை தெரிந்து உறுதியாக ஆடினால் அதன் ஆட்டம் அடங்கும்.

அடுத்து, ரப்பர் வாங்க ஓடும் பெற்றோரே! பிடிமானம் அதிகமுள்ள விலையுயர்ந்த ரப்பர் உங்கள் பிள்ளையின் ஸ்பின்னை மட்டும் பிடிக்காது. எதிராளி போட்ட ஸ்பின்னையும் சேர்த்துப் பிடிக்கும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதனால் தொல்லை கூடும். சிலர் மணிகா பத்ராவைக் காட்டி லாங் பிம்பிள்ஸ் ஒட்டிக்கொடுக்கிறார்கள். அந்த ரப்பரில் சாப் பட்டால் லேசான டாப் ஸ்பின்னாகவோ ஸ்பின் இல்லாமலோ திரும்பும். அதைப் பயன்படுத்தவும் வந்தது என்ன என்று முதலில் தெரிய வேண்டுமே!

"ஆட ஆடத் தானா வரும் சார்" என்பார்கள். சென்னையில் நாலு விதமான ஆட்டக்காரரோடு தினமும் ஆடும் பிள்ளைக்கு வரலாம். பள்ளியில் ஒரே மேசை, அதே மூன்று நண்பர்கள் என்று ஆடும் பிள்ளைக்கு எப்படி வரும்? அந்தக் காலத்தில் 21 பாயிண்ட், ஆளுக்கு ஐந்து சர்வீஸ். ஆட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் பிடிபடும். 2001 முதல் 11 பாயிண்ட், இரண்டே சர்வீஸ். பிடிபடும் முன் கேம் போய்விடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பேட்டின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்று 1986-இல் ஏன் கொண்டுவந்தார்கள்? எந்த ரப்பரில் பட்டது என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. சர்வீஸ் போடும்போது உடம்பாலோ கையாலோ பந்தை மறைக்கக் கூடாது என்று 2002-இல் விதியை ஏன் இறுக்கினார்கள்? பேட் பந்தைத் தொடுவதைப் பார்க்கும் உரிமை எதிராளிக்கு உண்டு என்பதற்காக. உள்ளங்கையை விரித்து, பந்தை 16 செ.மீ. உயரமாவது மேலே போட வேண்டும் என்பதும் விதிதான். பள்ளிப் போட்டிகளில் எத்தனை நடுவர்கள் இதைக் கண்டிக்கிறார்கள்? விதி கொடுத்த உரிமையை நடுவர் காப்பதில்லை. எதைப் பார்ப்பது என்று கோச்சும் சொல்வதில்லை. பழி மட்டும் பிள்ளை தலையில்.

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஸ்கெட்ச் பேனாவால் பந்தின் பாதியில் நிறம் தீட்டுங்கள். சுழற்சி கண்ணுக்குத் தெரியும். தினமும் அரை மணி நேரம் ஒருவர் சர்வீஸ் போட, மற்றவர் பந்தைத் தொடுமுன் "கீழே", "மேலே", "பக்கம்" என்று உரக்கச் சொல்லட்டும். முதலில் சொன்னால் போதும், திருப்புவது பிறகு. ஒரு பருவம் முழுக்க இதைச் செய்துவிட்டு, அதன் பிறகு திறமையைப் பற்றிப் பேசுங்கள்.

விளையாட்டு ஆசிரியர்களும் கோச்சுகளும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கற்பிக்காத பாடத்தில் பிள்ளையை ஃபெயில் ஆக்க நமக்கு உரிமை இல்லை.