பள்ளத்தில் குடிவைத்தவர் யார்?

வெள்ளத்துக்குச் சாதி தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு. மாளிகையும் முழுகும், மண்குடிசையும் முழுகும், இயற்கையின் முன் எல்லோரும் சமம் என்பார்கள், மேட்டில் குடியிருப்பவர்கள்! வெள்ளத்துக்குச் சாதி தெரியாது; ஒப்புகிறோம். ஆனால் தண்ணீருக்குப் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்பது சாதிக்குத் தெரியும், காசுக்குத் தெரியும்.

2015 டிசம்பர் 1. சென்னையில் வானம் பிளந்துகொண்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்தது. அந்த மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் மாண்டவர் 400க்கு மேல். இயற்கையின் சீற்றம் என்றார்கள். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையோ, இது மனிதன் வருவித்த பேரிடர் என்றது.

வெள்ளம் வடிந்தது. சேற்றை வாரியவர் யார்? பிற மாவட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். ஊர் எதுவாயினும் சேரி ஒன்றுதான்!

அடுத்து வந்தது இரண்டாவது வெள்ளம். அதற்கு 'மறுகுடியமர்த்தல்' என்று பெயர். அடையாற்றங்கரை, கூவக்கரைக் குடிசைகளைப் பிய்த்தார்கள். "ஆற்றோரம் ஆபத்து, உங்கள் நன்மைக்காகத்தான்" என்றார்கள். கொண்டுபோய் வைத்த இடம் பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பின் பக்கம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. ஆற்றோரத்தில் எழும்பிய பெரிய கட்டடங்களுக்கு அந்த ஆபத்து இல்லையா என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை. ஆட்சியின் நிறம் பார்த்தும் இது நடக்கவில்லை. 2000த்தில் கண்ணகி நகர். வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம். 2022இல் நீதிமன்றத்தின் ஆணைப்படி இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். நம்மவர் ஆண்டபோது நடந்ததையும் சேர்த்தே சொல்கிறோம். கசந்தாலும் கணக்கு கணக்குதான்.

வீடு போனால் வீடு மட்டுமா போகிறது? வேலைக்குப் போகும் தூரம் நீள்கிறது, பிள்ளையின் பள்ளி போகிறது. சாவு விழுந்தால் ஓடிவரும் பத்துப் பேரும் பத்துத் திக்கில் சிதறிப் போகிறார்கள். நாம் பேச வந்தது இந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான்.

வடசென்னையில் கானா என்றொரு பாட்டு உண்டு. சாவு வீட்டில் விடிய விடிய, சட்டியையும் பெட்டியையும் தாளமாக்கி, செத்தவனின் குணம் சொல்லி, பிழைத்தவனின் பாடு சொல்லிப் பாடுவது. குடிகாரன் பாட்டு என்று முகம் சுளித்தவர்களே, சினிமாவில் தேவாவின் இசையில் அது வந்தபோது தாளம் போட்டார்கள். பாட்டு இனித்தது. பாடியவன் வாசலில் நின்றால்தான் கசந்தது!

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு நகரம். ஜாஸ் பிறந்த ஊர். அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் ஞாயிறுதோறும் காங்கோ சதுக்கத்தில் கூடி முரசறைந்த ஊர். அங்கேயும் சவ ஊர்வலத்துக்கு வாத்தியம் உண்டு. போகும்போது அழுகை, அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம். 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரினா புயல் வந்தது. கரை உடைந்தது, நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மிதந்தது. கறுப்பு மக்கள் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வட்டாரம் சின்னாபின்னமானது. 2007 டிசம்பரில், ஏழைகளுக்கான 4,500 வீடுகளை இடிக்க நகர மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. சிதறிய மக்கள் ஊர்வலத்துக்காகத் திரும்பி வந்தார்கள். ஊர்வலக் கட்டணத்தை உயர்த்தினார்கள். அந்த மக்களின் சங்கங்கள் வழக்காடிக் குறைக்க வைத்தன. அதே 2007இல், இறந்துபோன இசைக்கலைஞர் ஒருவருக்காக நடந்த ஊர்வலத்தில் வாத்தியக்காரர்களையே போலீசு கைது செய்தது! கொம்பு ஊதுவது குற்றமா? அல்ல. ஊதினால் ஆள் கூடுகிறது; அதுதான் குற்றம்.

சென்னையிலும் ஆள் கூடியது. 2018 சனவரி 6, கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று திரட்டிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் மேடையேறினார்கள். கானாவும் பறையும் மேல்நாட்டு ராப்பும் ஒரே மேடையில்! சாதியற்றவர் என்ற அந்தப் பெயரின் வேர், அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. மார்கழி என்றால் மயிலாப்பூர்ச் சபாதான் என்றிருந்த ஊரில், 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை'யும் நடந்தது. கைதட்டுகிறோம். ஆனால் மேடை கிடைத்ததாலே மனை கிடைத்துவிடாது. பறைக்கு மாலை, பறையடிப்பவனுக்குப் பெரும்பாக்கம் என்றால் அது மரியாதையா?

"சென்னைக் கதை நமக்கெதற்கு?" என்று புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஒரு தோழர் கேட்டார். 2023 டிசம்பர் 17, 18இல் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி நான்கும் தண்ணீரில் தத்தளித்தது மறந்துபோகுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே! நம் மாநாடுகளில் பறை முழங்காமல் பந்தல் திறப்பதில்லை. அந்தப் பறைக்காரரின் வீடு மேட்டிலா, ஓடைக்கரையிலா? மனைக்குப் பட்டா உண்டா? கிளைதோறும் தோழர்கள் தெருத்தெருவாகப் போய் எழுதுங்கள். ஐப்பசி மழைக்குமுன் அந்தப் பட்டியல் வட்டாட்சியர் மேசைக்குப் போகவேண்டும். முதல் பட்டியல் புளியங்குடியிலிருந்து வரட்டும்.